யூஎஸ்பி சவுண்ட் கார்டும் 5.1 ஒலியும்: கடலூரிலும் புதுச்சேரியிலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினியும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்ப்பது என் தொழில். 2011இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் வீடுகளுக்கு வரத் தொடங்கியபோது, வீட்டில் ஏற்கெனவே இருந்த ஹோம் தியேட்டரோடு அவற்றை இணைக்க வழி கேட்டு மாணவர்கள் வந்தார்கள். மடிக்கணினியில் இருப்பதோ ஒரே ஒரு ஹெட்போன் துளை. அதில் வருவது இடது, வலது என்று இரண்டே சேனல், அதாவது ஸ்டீரியோ. 5.1 எனப்படும் ஆறு சேனல், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் அடித்தொனிக்கான ஒரு வூஃபருக்கும் தனித்தனி ஒலி வேண்டுமென்றால் வெளியே ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு மாட்ட வேண்டும். அன்று தொடங்கிய கேள்விகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், லாஸ்பேட்டை, வில்லியனூர் எனப் பல ஊர்களிலிருந்தும் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

கேள்வி: ஆறு ஸ்பீக்கர் இருந்தும் முன்னால் இருக்கும் இரண்டில்தான் ஒலி வருகிறது. கார்டு பழுதா, சார்? மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். இந்தக் குறையோடு என் மேசைக்கு வந்த கார்டுகளில் பெரும்பாலானவை நல்ல நிலையில் இருந்தவை.

ஒலி உங்கள் காதுக்கு வரும் வழியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முதலில் படத்தின் கோப்பு. அதைத் திறக்கும் பிளேயர். பிறகு விண்டோஸ் அல்லது லினக்ஸ். அடுத்து யூஎஸ்பி கம்பி, கார்டு, மூன்று ஜாக்குகள், ஆம்ப்ளிஃபயர், கடைசியாக ஸ்பீக்கர். இந்த வழியில் எந்த இடத்திலாவது ஆறு சேனல் இரண்டாகச் சுருங்கிவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த பொருளை வைத்தாலும் அது மீண்டும் ஆறாகாது. ஆகவே நாம் தேட வேண்டியது ஒன்றுதான்: ஆறு எங்கே இரண்டானது? கீழே வரும் பதில்கள் பலவும் இந்தத் தேடல்தான்.

கேள்வி: அதை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வழியின் நடுவிலிருந்து, அதாவது விண்டோஸிலிருந்து. அங்கே சோதித்தால் குறை அதற்கு முன்னாலா பின்னாலா என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'சவுண்ட்', அதன் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்'. விண்டோஸ் 10இல் அதே பக்கத்தில் 'சவுண்ட் கன்ட்ரோல் பேனல்'. திறக்கும் பழைய பாணிச் சன்னலில் 'பிளேபேக்' பகுதியில் உங்கள் யூஎஸ்பி கார்டைத் தேர்ந்தெடுத்து, முதலில் 'செட் டிஃபால்ட்' அழுத்துங்கள். பிறகு 'கான்ஃபிகர்'. வரும் பட்டியலில் '5.1 சரவுண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஓர் அறையின் படமும் ஆறு ஸ்பீக்கர்களும் தெரியும். 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தலாம். அதைவிட, ஒவ்வொரு ஸ்பீக்கர் படத்தையும் தனித்தனியாகச் சொடுக்கி, எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. இந்தத் தாளைத்தான் நான் தொலைபேசியில் முதலில் கேட்பேன்.

ஆறும் தன் தன் இடத்தில் ஒலித்தால் கார்டு, கம்பி, ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் நலம். குறை கோப்பிலோ பிளேயரிலோ இருக்கிறது. ஒலிக்காவிட்டால் கார்டிலிருந்து ஸ்பீக்கர் வரையுள்ள பாதையைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பலரைக் குழப்புகிறது. நேற்று வரை வேலை செய்த 5.1 இன்று ஸ்டீரியோவாகிவிட்டது என்பார்கள். கார்டைக் கழற்றி வேறு யூஎஸ்பி துளையில் செருகியிருப்பார்கள். பல கார்டுகளுக்குத் தனி வரிசை எண் கிடையாது. துளை மாறினால் விண்டோஸ் அதைப் புதிய கருவி என்று நினைத்து மறுபடி ஸ்டீரியோவில் தொடங்குகிறது. ஒரு துளையைக் கார்டுக்கென்றே ஒதுக்கி, மேலே ஒரு துண்டுத் தாள் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: 'கான்ஃபிகர்' பட்டியலில் ஸ்டீரியோ மட்டுமே இருக்கிறது. ஆனால் பெட்டியில் 7.1 என்று அச்சிட்டிருக்கிறதே?

கார்டில் எத்தனை துளை இருக்கிறது என்று எண்ணுங்கள். பென் டிரைவ் அளவில், ஒரு பச்சையும் ஓர் இளஞ்சிவப்புமாக இரண்டே துளைகள் என்றால் அது ஸ்டீரியோ கார்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்108 வகைச் சில்லு. 7.1 என்று அச்சிட்டிருப்பது, ஹெட்போனில் சுற்றுப்புற ஒலி போன்ற உணர்வைத் தரும் மென்பொருள் வித்தையைக் குறிப்பது. ஆறு பெட்டிகளுக்கு அதிலிருந்து தனித்தனி ஒலி எடுக்க எந்த டிரைவராலும், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளாலும், முடியாது. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் ஆசையாக வாங்கிவந்த கார்டைப் பிள்ளைகள் நீட்டும்போது இதைச் சொல்ல எனக்கு மனம் கஷ்டப்படும். அதனால்தான் வாங்கும் முன் துளைகளை எண்ணச் சொல்கிறேன்.

உண்மையான 5.1 கார்டில் வெளியே செல்லும் துளைகள் குறைந்தது மூன்று இருக்கும். பச்சை முன் இரண்டுக்கு, கறுப்பு பின் இரண்டுக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் வூஃபருக்கும். 7.1 என்றால் பக்கவாட்டுக்குச் சாம்பல் நிறத்தில் நான்காவது துளை. இவற்றில் பலவற்றில் சிஎம்6206 என்ற எட்டுச் சேனல் சில்லு இருக்கிறது. விண்டோஸோடு வரும் பொது டிரைவரே இதற்குப் போதும். அப்படி மூன்று துளையும் இருந்து பட்டியலில் ஸ்டீரியோ மட்டும் தெரிந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் செருகுங்கள்.

கேள்வி: சோதனையில் ஆறும் ஒலிக்கிறது. படம் போட்டால் பின் ஸ்பீக்கர்கள் மௌனம். ஏன்?

படத்திலேயே ஆறு சேனல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? விஎல்சி பிளேயரில் படம் ஓடும்போது 'டூல்ஸ்' பட்டியலில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' திறங்கள். ஒலிப் பகுதியில் 'சேனல்ஸ்' என்ற இடத்தில் 'ஸ்டீரியோ' என்று இருந்தால் பின்னால் ஒலி வராததுதான் சரி. '3எஃப்2ஆர்' அல்லது '3எஃப்2எம்' என்று தொடங்கி 'எல்எஃப்இ' என்று முடிந்தால் அது 5.1. முன்னால் மூன்று, பின்னால் அல்லது பக்கத்தில் இரண்டு, ஒரு வூஃபர் என்று பொருள்.

அளவைக் குறைக்க மறுபடி சுருக்கிய கோப்புகளில் ஒலி பெரும்பாலும் ஸ்டீரியோவாக்கப்பட்டிருக்கும். பழைய படங்களின் கதை வேறு. டால்பி டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வந்ததே 1992இல், டிடிஎஸ் 1993இல். 1980களின் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஒற்றைச் சேனலில் கலந்தவை. மறுவெளியீட்டுக்காகப் புதிதாக 5.1இல் கலந்தவை விதிவிலக்கு.

கோப்பு 5.1தான் என்றால் அடுத்து பிளேயர். விஎல்சியின் 'ஆடியோ' பட்டியலில் 'ஆடியோ டிவைஸ்' உங்கள் யூஎஸ்பி கார்டாக இருக்க வேண்டும். அதே பட்டியலில் 'ஸ்டீரியோ மோட்' எப்போதோ தவறுதலாக மாற்றப்பட்டிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸில் 'ஸ்பேஷியல் சவுண்ட்' என்ற வசதி ஹெட்போனுக்கானது. உண்மையான ஆறு பெட்டிகள் இருக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: யூடியூபில் பாட்டு கேட்கும்போது?

கணினி உலாவியில் யூடியூப் பொதுவாக இரண்டு சேனல்தான் தருகிறது. ஆறிலும் ஒலி வேண்டும் என்றால் சில டிரைவர்களில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' பகுதியில் 'ஸ்பீக்கர் ஃபில்' என்று ஒன்று இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு ஸ்பீக்கருக்காகக் கலந்த பாடலில் பாடகரின் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, அங்கே யாரோ நிற்பதுபோல் கேட்கும்படி அமைத்திருப்பார்கள். அதை ஆறு பக்கமும் பரப்பினால் அந்த ஆள் நின்ற இடம் கலைந்துவிடுகிறது. பாட்டுக்கு ஸ்டீரியோவே போதும்.

கேள்வி: வூஃபர் சோதனையில் உறுமுகிறது, பாட்டுக்கு உறங்குகிறது.

5.1இல் அந்த '.1' என்பது தனிச் சேனல். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வுகளுக்காக, படத்தின் ஒலிக்கலவையில் வெடி, இடி போன்றவற்றுக்கென்று வைத்தது. ஸ்டீரியோ பாட்டில் அந்தச் சேனலே கிடையாது. தவிலோ பேஸ் கிதாரோ இடது, வலதுக்குள்தான் இருக்கின்றன. அவற்றின் அடித்தொனியைப் பிரித்து வூஃபருக்கு அனுப்ப ஒருவர் வேண்டும். ஹோம் தியேட்டரின் ஸ்டீரியோ உள்ளீட்டில் அந்தப் பெட்டியே பிரித்துவிடும், 5.1 உள்ளீட்டில் பெரும்பாலான பெட்டிகள் பிரிப்பதில்லை, வந்ததை அப்படியே கொடுத்துவிடுகின்றன. உங்கள் டிரைவரில் 'பேஸ் மேனேஜ்மென்ட்' இருந்தால் அதை இயக்குங்கள். 'கான்ஃபிகர்' படிகளில் வரும் 'ஃபுல் ரேஞ்ச்' குறியையும் நீக்குங்கள். இல்லையென்றால், பாட்டுக்குப் பச்சைத் துளையிலிருந்து ஸ்டீரியோ உள்ளீட்டுக்கு ஒரு கம்பி தனியாக விடுவதே எளிய வழி.

கேள்வி: ஹோம் தியேட்டரில் ஆறிலும் ஒலி வருகிறது, ஆனால் ஆறிலும் ஒரே ஒலி. இதுவா சரவுண்ட்?

இதைக் கேட்கும் காதுக்கு என் வணக்கம். பலர் பல ஆண்டுகள் இதைக் கவனிப்பதே இல்லை.

உங்கள் ஹோம் தியேட்டர் பெட்டியின் பின்புறம் பாருங்கள். ஆர்சிஏ துளைகளில் (சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் செருகும் வட்டத் துளைகள்) ஓர் இணை 'ஆக்ஸ்' என்றும், ஆறு துளைகள் சேர்ந்த கூட்டம் ஒன்று '5.1', 'ஏசி3' அல்லது 'டிவிடி' என்றும் இருக்கும். கார்டின் பச்சைத் துளையை மட்டும் ஆக்ஸில் செருகியிருந்தால் இரண்டு சேனல்தான் உள்ளே போகிறது. பெட்டி அதையே ஆறு பக்கமும் பிரித்துக் கொடுக்கிறது. மூன்று கம்பிகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின், மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ. மூன்றையும் ஆறு துளைக் கூட்டத்தில் செருகினால் மட்டும் போதாது. ரிமோட்டில் உள்ளீட்டை 5.1 அல்லது டிவிடிக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு பொத்தானுக்காகக் கார்டை மூன்று முறை மாற்றியவர் ஒருவர் முத்தியால்பேட்டையிலிருந்து என்னிடம் வந்திருக்கிறார்.

உள்ளூரில் அசெம்பிள் செய்த ஆம்ப் என்றால் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. பலவற்றில் 'புரோலாஜிக் போர்டு' என்று ஒன்றை வைத்திருப்பார்கள். ஸ்டீரியோவிலிருந்து பின் ஒலியையும் வூஃபர் ஒலியையும் தோராயமாகப் பிரிக்கும் பலகை அது. டிவிக்கும் பாட்டுக்கும் அது பயனுள்ளது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் உண்மையான ஆறு சேனல் கார்டு இருக்கும்போது அந்தப் பலகையைக் கடந்து, ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையின் ஆறு உள்ளீடுகளுக்கும் நேராகக் கம்பி கொடுக்க வேண்டும். ஆம்ப் செய்தவரிடமே கொண்டுபோங்கள். அவருக்கு அரை மணி நேர வேலை.

கேள்வி: வசனம் வூஃபரிலிருந்து கரகரவென்று வருகிறது. நடு ஸ்பீக்கரில் உறுமல் மட்டும்.

ஆரஞ்சு துளையின் ஒரே பின்னில் இரண்டு சேனல் போகிறது. நுனியில் ஒன்று, அடுத்த வளையத்தில் ஒன்று. எது எதில் என்பதில் ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. ஆர்சிஏ கம்பி என்றால் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகினால் முடிந்தது. இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீட்டர் பின் என்றால், கார்டின் டிரைவர் பலகத்தில் நடுவையும் வூஃபரையும் இடம் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நேரம் அப்படியே ஓட்டாதீர்கள். சிறிய நடு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வூஃபருக்கான அதிர்வைத் தாங்காமல் கிழிந்துவிடும்.

கேள்வி: பாட்டில் இசை கேட்கிறது, பாடுபவரின் குரல் மட்டும் காணவில்லை.

பின் முழுதாக உள்ளே போகவில்லை. பொது எர்த் இணைப்பு விட்டுப்போனால், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குக் கிடைக்கிறது. இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். அழுத்திச் செருகுங்கள். பின்னில் மூன்று கறுப்பு வளையம் உள்ள மொபைல் கம்பியைப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு கறுப்பு வளையம் உள்ள கம்பிக்கு மாறுங்கள்.

கேள்வி: ஆப்டிகல் கம்பி போட்டேன். படத்தில் 5.1 வருகிறது, விளையாட்டில் ஸ்டீரியோதான். என்ன காரணம்?

ஆப்டிகல் கம்பி ஒளியில் போவதால் எவ்வளவு வேண்டுமானாலும் சுமக்கும் என்று நினைக்கிறோம். அதன் பின்னால் இருக்கும் எஸ்பிடிஐஎஃப் முறை, சுருக்காத ஒலி என்றால் இரண்டே சேனல்தான் ஏற்கும். ஆறு சேனல் போக வேண்டுமானால் அது டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்ற சுருக்கிய பொதியாக இருக்க வேண்டும். டிவிடி படத்தில் அந்தப் பொதி ஏற்கெனவே இருக்கிறது. பிளேயர் அதைப் பிரிக்காமல் அப்படியே ஆம்ப்புக்கு அனுப்பினால் போதும். இதற்கு 'பாஸ்த்ரூ' என்று பெயர். விளையாட்டில் ஒலி அந்த நொடியில் உருவாகிறது, பொதி கிடையாது. 'டால்பி டிஜிட்டல் லைவ்' அல்லது 'டிடிஎஸ் கனெக்ட்' வசதியுள்ள கார்டு மட்டுமே அதை உடனுக்குடன் பொதியாக்கித் தரும்.

இணையத் தொடர்களில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் இந்த வழியில் போகாது. பாஸ்த்ரூ போட்டிருந்தும் மௌனம் என்றால் அதுதான் காரணமாக இருக்கக்கூடும். கோடி (Kodi) என்ற பிளேயரில் அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தரும் அமைப்பு உண்டு. அது வேலை செய்ய, சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வைக்க வேண்டும். தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பாஸ்த்ரூவில் கணினியின் ஒலியளவுப் பட்டை வேலை செய்யாததும் இயல்பே, ஆம்ப்பில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் மூன்று ஜாக்குகளும் ஆம்ப்பில் ஆறு துளைகளும் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை: ஆப்டிகலை விடுங்கள். மூன்று கம்பி வழி எல்லாவற்றுக்கும் வேலை செய்கிறது.

கேள்வி: கார்டு மாட்டியதிலிருந்து ஸ்பீக்கரில் ஓயாத ரீங்காரம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறது.

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கணினி ஒரு வழியிலும் ஆம்ப் இன்னொரு வழியிலும் எர்த்தைத் தொட்டால், இரண்டுக்கும் நடுவே ஒலிக்கம்பி வழியாகச் சிறு மின்னோட்டம் சுற்றுகிறது. அதுவே அந்த ரீங்காரம்.

முதலில் கணினியையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். நிற்கவில்லையா? ஆம்ப்போடு இணைந்திருக்கும் டிவியின் கேபிள் அல்லது டிஷ் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். மாடியிலிருந்து வரும் அந்தக் கம்பி தனக்கென ஓர் எர்த்தைக் கொண்டுவந்திருக்கும். இரண்டிலும் போகவில்லை என்றால், 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை ஒலிக்கம்பியின் நடுவே வைக்கலாம். 5.1க்கு மூன்று தேவைப்படும், அதனால் அது கடைசி வழி.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. மூன்று பின் பிளக்கின் பெரிய எர்த் பின்னை உடைப்பது. ரீங்காரம் நிற்கும், உண்மை. ஆனால் என்றாவது ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரில் கசிவு ஏற்பட்டால், உலோகப் பெட்டியைத் தொடுகிறவரின் உடல் வழியாகத்தான் அந்த மின்சாரம் தரைக்குப் போகும். இப்படி உடைத்த பிளக்கோடு ஆம்ப் வந்தால், பிளக்கை மாற்றாமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. வீட்டின் எர்த்தையும் மின்பணியாளரிடம் சொல்லி அளக்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் வீண் வழக்கமல்ல.

கேள்வி: ஒலி நடுநடுவே 'தட்' என்று வெட்டுகிறது.

யூஎஸ்பி ஹப்பில் கார்டோடு ஹார்ட் டிஸ்கும் வெப்கேமும் தொங்குகிறதா? யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஹப் அதைத்தான் எல்லாவற்றுக்கும் பங்கிடுகிறது. கார்டைக் கணினியில் நேராகச் செருகுங்கள். நீட்டிப்புக் கம்பி சேர்த்து மொத்த நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. பவர் அமைப்புகளில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணையுங்கள். அப்படியும் வெட்டினால் வைஃபையை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். வெட்டு நின்றால் குறை வைஃபை டிரைவரில் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. வாங்கி எட்டு மாதத்தில் ஒரு பின் ஸ்பீக்கர் வந்து வந்து போகிறது. பின்னைத் திருகினால் வருகிறது.

உப்புக்காற்று. வைத்திக்குப்பத்திலும் கடலூர் முதுநகரிலும் இதே கதைதான். சவுண்ட் கார்டைப் பற்றிய பொதுவான வழிகாட்டிகளில் இது இருக்காது. ஆனால் நம் கரையில் கார்டுகளைக் கெடுப்பதில் இதற்கு முதலிடம். பித்தளைப் பின்னின் மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து களிம்பு பிடிக்கிறது. நம் பாட்டிகள் புளி போட்டுத் துலக்கிய அதே பச்சைக் களிம்புதான். அது மின்சாரத்தைத் தடுக்கிறது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பின்னைத் துளைக்குள் பத்துப் பன்னிரண்டு முறை சுழற்றுங்கள். பாதிக் குறை இதிலேயே தீரும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பின்னைத் துடையுங்கள். துளைக்குள் காண்டாக்ட் கிளீனரைச் சிறிது பீய்ச்சிக் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயன்படுத்தாத நாட்களில் கார்டைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வாங்கும்போதே தங்க முலாம் பூசிய பின் உள்ள கம்பியாக வாங்குங்கள். ஒலி கூடும் என்பதற்காக அல்ல, களிம்பு பிடிக்காது என்பதற்காக.

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த கார்டுகள் என்னிடம் வந்தன. அவற்றில் பிழைத்தவை, ஈரத்தோடு செருகிப் பார்க்காமல் கொண்டுவந்தவை. நனைந்துவிட்டால் மின்சாரம் காட்டாதீர்கள். உறையைத் திறந்து, சேற்றை ஆல்கஹாலால் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவைத்த பிறகே செருக வேண்டும்.

கேள்வி: லினக்ஸ் பயன்படுத்துகிறேன். கார்டு தெரிகிறது, ஸ்டீரியோ மட்டும் வருகிறது.

'பவுகன்ட்ரோல்' என்ற ஒலியளவு மென்பொருளை நிறுவி, அதன் 'கான்ஃபிகரேஷன்' பகுதியில் கார்டின் புரொஃபைலை 'அனலாக் சரவுண்ட் 5.1 அவுட்புட்' என்று மாற்றுங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான். அப்படியும் பின்னால் மௌனம் என்றால் 'அல்சாமிக்ஸர்' திறந்து அந்தச் சேனலின் அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வசனம் முதுகுக்குப் பின்னால் கேட்டால், அது சேனல் வரிசைக் குழப்பம். விண்டோஸில் முன் இரண்டு, நடு, வூஃபர், பின் இரண்டு என்று வரிசை. லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவில் முன் இரண்டு, பின் இரண்டு, நடு, வூஃபர். ஏதோ ஒரு மென்பொருள் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட்டது. பிளேயரை மாற்றிப் பார்த்தால் எந்த மென்பொருள் என்று தெரிந்துவிடும். 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கட்டளை ஆறு சேனலையும் பெயர் சொல்லிச் சோதித்துக் காட்டும்.

கேள்வி: கார்டை டிவியின் யூஎஸ்பியில் செருகலாமா?

பெரும்பாலான டிவிகளில் அந்தத் துளை பென் டிரைவுக்கானது. கார்டு வேலை செய்யாது. டிவிக்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஆம்ப்புக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ துளை) அல்லது ஆப்டிகல்தான் வழி.

கேள்வி: கார்டில் 96 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. 5.1 தேர்ந்தெடுத்தால் 48க்கு மேல் போகவில்லையே?

அந்த எண், ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து அனுப்புகிறது என்பது. பழைய யூஎஸ்பி ஒலி முறையில், அதாவது 1998இல் வகுத்த முதல் தலைமுறையில் இயங்கும் கார்டு, ஒரு மில்லி நொடிக்கு அதிகபட்சம் 1023 பைட்தான் அனுப்ப முடியும். ஆறு சேனல், 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 576 பைட், தாராளமாகப் போகும். 96 என்றால் 1152, போகாது. ஏமாற்று வேலை அல்ல, குழாயின் அளவு அவ்வளவுதான். பிறகு வந்த இரண்டாம் தலைமுறைக் கார்டுகளுக்கு இந்தத் தடை இல்லை. விண்டோஸ் 10இல் 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அவற்றுக்கு உள்ளேயே டிரைவர் உண்டு. படம் பார்க்க 48 போதும்.

கேள்வி: வாய் அசைவுக்கும் ஒலிக்கும் பொருந்தவில்லை.

விஎல்சியில் 'ஜே', 'கே' விசைகளை அழுத்தினால் ஒலி 50 மில்லி நொடி முன்னும் பின்னும் நகரும்.

கேள்வி: புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுக் காலத்து வீடு. எல்லாம் சரியாக இணைத்தாயிற்று, சோதனையும் சரி. ஆனாலும் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

நீங்கள் கணினியை விட்டுவிட்டு அறையைப் பார்க்க வேண்டும். உயரமான கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர், வழவழப்பான தரை. ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்ட ஒலி உங்கள் காதுக்கு ஒருமுறை நேராகவும், பிறகு சுவரிலும் தரையிலும் பட்டுப் பலமுறையும் வருகிறது. மூளை திசையை அறிவது முதலில் வரும் ஒலியை வைத்து. எதிரொலி அதை மூடிவிடுகிறது.

ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தரையில் ஒரு கனத்த ஜமுக்காளத்தை விரியுங்கள். பின் சுவரில் மடிப்பு நிறைந்த திரைச்சீலை தொங்கவிடுங்கள். பிறகு கோணம். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நேர் முன்னே நடு ஸ்பீக்கர். அதற்கு இருபுறமும் 30 பாகையில் முன் ஸ்பீக்கர்கள். பின் ஸ்பீக்கர்கள் முதுகுக்கு நேர்பின்னே அல்ல, பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி, 100 முதல் 120 பாகைக்குள். பல வீடுகளில் பின் ஸ்பீக்கர்களைக் கூரையோரத்து மூலைகளில் ஆணியடித்து மாட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து வருவது எதிரொலி மட்டுமே. காதுக்குச் சற்று மேலே என்ற உயரத்துக்கு இறக்குங்கள். ஸ்பீக்கர் கம்பி நீளம் போதவில்லை என்றால் அந்தக் கம்பியையே நீட்டுங்கள். கார்டின் யூஎஸ்பி கம்பியை அறைக்குக் குறுக்கே இழுக்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கார்டு உண்மையிலேயே போய்விட்டது என்று எப்போது முடிவுசெய்வது?

வேறொரு கணினியில் அதே கார்டைச் செருகி, எந்த ஆம்ப்பும் இல்லாமல் ஒரு சாதாரண ஹெட்போனை முதலில் பச்சையிலும், பிறகு கறுப்பிலும், பிறகு ஆரஞ்சிலும் மாற்றி மாற்றிச் செருகிச் சோதனையை ஓட்டுங்கள். கறுப்பில் வலது காதில் மட்டும் எப்போதும் மௌனம், வேறு ஹெட்போனிலும் அப்படியே, வேறு கணினியிலும் அப்படியே என்றால் அந்தத் துளையின் பற்றவைப்பு விட்டிருக்கிறது அல்லது சில்லின் அந்த வெளியீடு போய்விட்டது. பற்றவைப்பு என்றால் சூட்டுக்கோலோடு ஐந்து நிமிட வேலை. உங்கள் ஊரில் மொபைல் பழுதுபார்ப்பவரே செய்துவிடுவார். சில்லு என்றால் புதிய கார்டு வாங்க வேண்டியதுதான். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பச்சைத் துளை நன்றாக இருக்கும்வரை, உள்ளே ஒலி கெட்டுப்போன ஏதாவது ஒரு மடிக்கணினிக்கு அது ஸ்டீரியோ கார்டாக இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.